இடுப்பு வலிக்கு என் மனதைக் காரணம் சொன்னார்கள்

கிரைண்டரிலிருந்து மாவை வழித்துவிட்டு நிமிரப் போனேன். முடியவில்லை. இடுப்பின் வலப் பக்கம், பாவாடை நாடா கட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, யாரோ உள்ளே கைவிட்டு முறுக்கியதுபோல ஓர் இழுப்பு. விரல்களிலிருந்து உளுந்து மாவு தரையில் ஒழுகிக்கொண்டிருக்க, குனிந்தபடியே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடிப்புதான், சாயங்காலம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எல்லாரும் முதலில் அப்படித்தான் நினைக்கிறோம்.

நாங்கள் கொல்கத்தாவில், டாலிகஞ்சில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குப் பவானிபூரில் மளிகைக் கடை. அப்பளம், புளி, காபித்தூள், நல்லெண்ணெய் என்று நம் ஊர்ச் சாமான்கள் விற்கிறார். நான் வீட்டில் இட்லி மாவும் பொடி வகைகளும் செய்து கடைக்கு அனுப்புவேன். அக்கம்பக்கத்து வங்காளிகளும் வீட்டுக்கே வந்து மாவு வாங்கிப்போவார்கள். எனக்குப் பிறந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகள் நந்தினி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் வங்காளம்தான் வரும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு இருமுனைக் கோளாறு (மனம் சில காலம் கட்டுக்கடங்காத உற்சாகத்திலும், சில காலம் எழுந்து பல் துலக்கவும் முடியாத சோர்விலும் போய்ச் சிக்கிக்கொள்ளும் நோய்) இருக்கிறது. நந்தினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நாள்கணக்கில் தூங்காமல் பாட்டும் பேச்சுமாக இருந்து, கடைச் சாமான்களைத் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வாரிக் கொடுத்து, கடைசியில் என்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு லித்தியம் (மனநிலையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் ஓர் உப்பு மருந்து) சாப்பிடத் தொடங்கினேன். அன்றிலிருந்து அந்த உயரத்துக்கும் ஏறவில்லை, அந்தப் பள்ளத்திலும் விழவில்லை. அந்த மாத்திரைக்கு நான் கோயில் கட்டினாலும் தகும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாத்திரை என் பொறுப்பில் இருக்காது. சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மாத்திரையுமாக எதிரே வந்து நிற்பார். நான் விழுங்கும்வரை நகரமாட்டார். வெளியாள் யாராவது பார்த்துக் கேட்டால் 'பிரஷர் மாத்திரை' என்பார். கல்யாண வீட்டிலும் ரயிலிலும் அதே பதில்தான். மாவு விற்கிற வீடு இது. மூளை சரியில்லாதவள் கையால் ஆட்டிய மாவு என்று ஒருத்தி வாயைத் திறந்தால் போதும், அந்தத் தெருவில் பிறகு தலைகாட்ட முடியாது. ஆகவே ஊருக்கு நான் ரத்தக் கொதிப்புக்காரி.

பிடிப்பு சாயங்காலம் சரியாகவில்லை. அடுத்த மாதமும் சரியாகவில்லை. இந்த ஊர் ஆட்டோ, பங்கு ஆட்டோ. பின்னால் மூன்று பேர் ஏறிவிட்டால் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு பிட்டத்தை மட்டும் வைத்து, உடம்பைத் திருகிக்கொண்டு போக வேண்டும். அப்படி ஒருமுறை போய் இறங்கியவள், தெருவோரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட வலி என்கிறார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே அது என் வீட்டில் ஓர் ஆளாகக் குடிவந்துவிட்டது.

கொல்கத்தாவில் பெரிய டாக்டர்களும் மருந்துக் கடையின் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்ப்பார்கள். சேம்பர் என்று பெயர். அப்படி ஒரு சேம்பருக்கு, எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். என்ன மருந்தெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். டாக்டரிடம் மறைக்கக் கூடாதல்லவா? உள்ளதை உள்ளபடி சொன்னேன். லித்தியம் என்றதும் அவருடைய பேனா நின்றது.

அதற்குப் பிறகு இடுப்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தூக்கம் எப்படி, வீட்டில் சண்டையா, அழுகை வருகிறதா என்றெல்லாம் கேட்டார். வலி வந்தால் அழுகை வராதா? வரும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, இந்த ஊர் வழக்கப்படி அண்ணா என்று விளித்துச் சொன்னார்.

"தாதா, இவங்களுக்கு இடுப்பில் ஒன்றும் இல்லை. எல்லாம் மனசு. அந்த மனநல டாக்டரிடமே காட்டுங்கள்."

என் இடுப்பு என்னிடம்தான் இருந்தது. அதை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. படியிறங்கும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கால் ஒடிஞ்சு போனாலும் மனசும்பான் போல இந்த ஆளு" என்று நடுத்தெருவில் கத்தினேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, "ஏட்டி, மெதுவா, மெதுவா" என்றார். நான் குரலை உயர்த்தினாலே அவர் பயந்துவிடுவார். பழைய நாட்கள் அவருக்கு மறக்கவில்லை.

என் மனநல மருத்துவர், மித்ரா டாக்டர், என்னை நந்தினியின் சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறவர். அவரிடம் போனோம். அவர் நிதானமாக விசாரித்துவிட்டு, "இது மனச்சோர்வு இல்லை, கோமதி. எனக்கு முதுகெலும்பு தெரியாது. வேறு ஓர் எலும்பு டாக்டரைப் பாருங்கள்" என்றார். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. மனநோய் உள்ளவருக்கு உடம்பு நோவு வந்தால் இப்படித்தான் அலைய வேண்டியிருக்கிறது.

வீட்டிலும் நிலைமை வேறு மாதிரி இல்லை. பகலில் கொஞ்சம் படுத்தால், "மனசு சரியில்லையா?" என்பார் இவர். வலியில் பாத்திரத்தைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டால் நந்தினி வந்து, "மா, நேத்து தூங்கினியா?" என்று கேட்பாள். பாசத்தில் கேட்கிறார்கள், தெரியும். ஆனாலும் மனுஷிக்குச் சும்மா வலிக்கவும் உரிமை இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வலிக்கிறது என்று நான் சொன்னால், வலிக்கிறது என்று ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது எலும்பு மருத்துவரின் சேம்பரில் என்னைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். அவர் இடுப்பை அழுத்திப் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார். அங்கே வலிக்கிறதா, இங்கே வலிக்கிறதா என்று கேட்டார். இத்தனை மாதத்தில் ஒரு மருத்துவரின் கை வலிக்கிற இடத்தில் பட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறார்களா என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த என் வீட்டுக்காரர், தன் அரைகுறை வங்காளத்தில், "பிரஷர் மாத்திரை மட்டும், டாக்டர்பாபு" என்றார்.

அவர் யோசித்துப் பொய் சொல்லவில்லை. அத்தனை வருடப் பழக்கம் வாயில் வந்து நின்றது. எனக்கும் காதில் விழுந்தது. தலையணையில் முகம் புதைந்திருந்தது, தூக்கிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தக் கையும் இடுப்பை விட்டு எடுக்கப்படும் என்று தோன்றியது. பேசாமல் கிடந்தேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பின் அடிப் பகுதியில் தேய்மானம் என்றார். வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மாத்திரை, காலையும் மாலையும். இதே வகை மாத்திரையை நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் மருந்துக் கடையில் கேட்டாலே எடுத்து நீட்டுகிறார்கள்.

அதைச் சாப்பிட்ட நாட்கள் சொர்க்கம். குனிந்தேன், நிமிர்ந்தேன், கோலம் போட்டேன். சந்தைக்கு நடந்தே போய் வாழைக்காயும் பூசணியும் வாங்கிவந்தேன். "பாத்தீங்களா, மனசுன்னாரே அந்த மகராசன்" என்று இவரிடம் தினமும் சொல்லிக்காட்டினேன். அவரும் சிரித்தார். வீட்டுக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று நினைத்தோம்.

அது சித்திரை வெயில். இந்த ஊர்ப் புழுக்கம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே புடவை நனைந்துவிடும். ஒரு நாள் காலையில், காபி டம்ளரைத் தூக்கினால் கை ஆடியது. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு விரலில் லேசான நடுக்கம் இருப்பது உண்டு. இது அப்படி இல்லை. காபி பாதி மார்பில் கொட்டியது. மறுநாள் வாந்தி. வயிற்றுப்போக்கு. மருந்துக் கடையில் கேட்டால், வாயுவும் அமிலமும் என்றார்கள். இந்த ஊரில் எந்தச் சீக்குக்கும் முதல் பெயர் அதுதான். ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார்கள், குடித்தேன்.

அதற்கப்புறம் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. நாக்கு தடித்துப்போய்ச் சொற்கள் குழறின. நந்தினியை என் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டேனாம்.

"அது திரும்பி வந்துட்டு" என்று முடிவுகட்டினார் என் வீட்டுக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. மனைவி குழறுகிறாள், தள்ளாடுகிறாள், ஆளை மாற்றிக் கூப்பிடுகிறாள். அவருக்குத் தெரிந்த ஒரே காரணம் அதுதான். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியமும் ஒன்றுதான்.

"கோமதி, வாயைத் திற. இந்தா, மாத்திரை."

விழுங்கினேன். வாந்தியில் வந்துவிட்டது. வாந்தியில் போன மாத்திரை கணக்கில் சேராது என்று இன்னொன்றை எடுத்துவந்து நின்றார்.

"ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு மித்ரா டாக்டர் சொல்லியிருக்காங்கல்லா. என் தங்கம்ல, முழுங்கிரு."

என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, பிள்ளைக்கு மருந்து புகட்டுவதுபோலப் புகட்டினார். என் உடம்பில் எது ஏறிக்கொண்டிருந்ததோ அதையே மேலும் மேலும் ஊட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் ஒரு நாள் தவறாமல் என்னைக் காத்த கை அது.

மறுநாள் மத்தியானம் கண் செருகியது. கீழ்வீட்டு பௌதிதான் டாக்சி பிடித்துக்கொண்டு வந்தாள். பௌதி என்றால் அண்ணி; இங்கே அக்கம்பக்கத்துப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். எங்களிடம் நெடுநாளாக மாவு வாங்குகிறவள். அவளும் எங்களோடு மருத்துவமனைக்கு வந்தாள். அவசரப் பிரிவின் வராந்தாவில் தள்ளுபடுக்கையில் கிடந்தேன். மேலே மின்விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்தது; மற்றதெல்லாம் நந்தினி பிறகு சொன்னது. ஓர் இளம் மருத்துவர் வந்து, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் பௌதியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "இடுப்பு வலி மாத்திரை. அப்புறம்... பிரஷர் மாத்திரை" என்றார்.

"பிரஷர் மாத்திரையின் பெயர்?"

அவர் மறுபடி பௌதியைப் பார்த்தார். அப்போதுதான் நந்தினி கத்தினாள். அந்த வராந்தாவே திரும்பிப் பார்த்ததாம்.

"அப்பா, போதும்ப்பா!" பிறகு டாக்டரிடம் வங்காளத்தில், "மா லித்தியம் காய். ஒனேக் போச்சோர் தோரே." அம்மா லித்தியம் சாப்பிடுகிறாள், பல வருடங்களாக.

அந்த இளம் மருத்துவர் நின்ற இடத்திலிருந்தே நர்ஸைக் கூப்பிட்டார். ரத்தம் எடுத்தார்கள். எனக்கு வந்திருந்தது மனநோய் இல்லை, லித்தியம் நச்சு (ரத்தத்தில் லித்தியம் அளவுக்கு மீறிச் சேர்ந்து, மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குவது). லித்தியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். நான் சாப்பிட்ட வகை வலி மாத்திரை அந்த வேலையைத் தடுத்துவிடும். வெயிலில் வியர்த்து, வாந்தியில் தண்ணீரும் இழந்தபோது நிலைமை மோசமாகிவிட்டது. லித்தியம் தொடங்கிய காலத்தில் மித்ரா டாக்டர் இதையெல்லாம் சொல்லித்தான் இருந்தார். நன்றாக இருந்த வருடங்கள் கூடக் கூட, அந்த எச்சரிக்கை எங்கள் காதிலிருந்து போய்விட்டது.

இரண்டு மருந்தையும் நிறுத்தி, நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். சிறுநீரகத்தைத் தினமும் சோதித்தார்கள். தலை தெளிந்தபோது இவர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"நானே என் கையால குடுத்தேனே, கோமதி" என்று ஏங்கி ஏங்கி அழுதார்.

எனக்கு நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை. "நீங்க குடுக்காம பின்ன யாரு குடுப்பா? அழாதீங்க. பக்கத்து பெட்டுக்காரி பாக்கா" என்றேன். அவர் அழுகையினூடே சிரித்துவிட்டார்.

ஆனால் உள்ளுக்குள் நான் பயந்துபோயிருந்தேன். லித்தியம் இல்லாமல் கிடக்கிறேன். ஒவ்வொரு நாள் காலையிலும் என் எண்ண ஓட்டத்தை நானே காவல் காத்தேன். வேகமாக ஓடுகிறதா? பேச்சு கூடுகிறதா? இன்னொரு பக்கம் வலி மாத்திரை நின்றதும் இடுப்பு தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. மித்ரா டாக்டர் பார்க்க வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இடுப்பு எப்படியோ போகட்டும் டாக்டர். காலம் பூரா வலியோட இருந்துக்கறேன். லித்தியத்தை மட்டும் என்கிட்டேருந்து எடுத்துடாதீங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உங்களுக்கு மனசும் வேண்டும், இடுப்பும் வேண்டும். தப்பு எங்கே தெரியுமா? உங்கள் டாக்டர்கள் யாரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. நானும்தான்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து, உடலியக்க மறுவாழ்வு மருத்துவர் (அறுவைச் சிகிச்சை இல்லாமல் உடம்பின் இயக்கத்தைத் திருத்துகிறவர்) ஒருவருக்குப் போன் செய்தார். என் மருந்து, என் நோய், என் இடுப்பு மூன்றையும் ஒரே பேச்சில் சொன்னார். இத்தனை மாதம் நானும் என் வீட்டுக்காரரும் சுமந்து திரிந்த சேதி, இரண்டு மருத்துவர்களுக்கு நடுவே சில நிமிடத்தில் கைமாறியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

சிறுநீரகம் தேறியது. லித்தியத்தைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார்கள். அந்த முதல் மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மறுவாழ்வு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தட்டு (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் பகுதி) கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, என் வயதில் பலருக்கும் அப்படித்தான் என்றார். நரம்பு நசுங்கவில்லை, கத்தி வைக்க வேண்டியதில்லை.

"அப்படியென்றால் வலி மனசுதானா?" என்று முறைத்துக்கொண்டே கேட்டேன்.

"வலி உங்கள் இடுப்பில்தான் இருக்கிறது. தூக்கமில்லாவிட்டால் கூடும், பயந்தால் கூடும். அது எனக்கும் அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான். அதனால் வலி பொய்யாகிவிடாது" என்றார்.

நாட்பட்ட முதுகு வலிக்கு, மனச்சோர்வு மருந்துகளில் சிலவற்றையே வலி குறைக்கவும் கொடுப்பது உண்டாம். எனக்கு அது ஆகாது. என்னை மறுபடி உற்சாக உச்சிக்குத் தள்ளிவிடலாம். ஆக எனக்கு மீதி இருந்தது சுடுநீர்ப் பை, ரொம்ப முடியாத நாளில் பாரசிட்டமால், உடற்பயிற்சி. மித்ரா டாக்டர் லித்தியத்தோடு கொடுத்துவந்த இன்னொரு மருந்து எடையைக் கூட்டியிருந்தது, அதை மாற்றினார்கள். கிரைண்டரைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பு உயரத்துக்கு மேடை போட்டு வைத்தார் என் வீட்டுக்காரர். கல்லைத் தூக்குவது இனி அவர் வேலை.

உடற்பயிற்சி என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. இத்தனை வயதுக்குமேல் தரையில் பாய் விரித்து, பூனைமாதிரி நாலு காலில் நின்று முதுகை வளை, நிமிர்த்து என்றால் யாருக்குப் பிடிக்கும்? சொல்லிக்கொடுத்த பெண்ணிடம் ஒருநாள் சண்டையே போட்டேன். வலிக்கிறது, விடு என்றேன். சித்தி முறை வைத்து என்னை மாஷி என்று கூப்பிடுகிற அவளும் விடுகிற மாதிரி இல்லை. "வலிக்கும் மாஷி. வலித்தாலும் உடையாது. அடுத்தது" என்றாள். வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் மெட்ரோ படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கிவிட்டேன்; கீழே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பௌதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வராந்தாவில் அவள் எல்லாவற்றையும் கேட்டாள். நான் வீடு திரும்பியதும் ஒருமுறை பார்க்க வந்தாள், பழம் கொடுத்தாள், கட்டிலில் உட்காரவில்லை. பிறகு கொஞ்ச காலம் மாவு வாங்க வரவில்லை. தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் நின்றுபோனார்கள். நாங்கள் பயந்தது நடந்தேவிட்டது என்று இவர் இடிந்துபோனார். மழைக்காலத்தில் ஒருநாள் பௌதி பாத்திரத்தோடு வந்து நின்றாள். "கோமதி, மாவு இருக்கா?" ஏன் நிறுத்தினாள் என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாள் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அளந்து கொடுத்தேன். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் இன்றுவரை வரவில்லை.

நான் மருத்துவர் இல்லை. எனக்கு ஒத்துவந்தது உங்களுக்கு ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இதை மட்டும் கேளுங்கள். பல் டாக்டரிடம் போனாலும், தெருமுனை மருந்துக் கடைக்குப் போனாலும், மருந்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதும் ஒருவர் உங்கள் இடுப்பை விட்டுவிட்டு மனதைப் பார்க்கத் தொடங்கினால், அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள். வேறு டாக்டர் இருக்கிறார். பேரை மறைத்து வாங்கிய நிவாரணம் எனக்கு எவ்வளவு நாள் நீடித்தது என்று பார்த்தீர்கள்.

வலி முழுக்கப் போகவில்லை. போகாது என்றும் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் வருடத்தை நான் ஒரே மாதிரிதான் பார்ப்பேன்: அந்த நோய் அடுத்த தடவை எப்போது வரும்? இப்போது அவ்வளவு தூரம் பார்ப்பதில்லை. இன்று காலை எவ்வளவு நேரம் நிற்க முடியும், எப்போது உட்கார வேண்டும், அவ்வளவுதான். உடம்பு என்னை இன்றைக்குள் இழுத்து உட்காரவைத்துவிட்டது.

போன குளிர்காலத்தில் ஒருநாள் விடிந்து எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி. பாயை மடித்து, பால் அடுப்பில் வைத்து, கிரைண்டரைக் கழுவி, உளுந்தைப் போட்டேன். ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். உடம்பு காற்றாய் லேசாக இருந்தது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு ஒரு வாய் காபி கொடுக்கலாமா என்று தோன்றியது.

அந்த எண்ணம் வந்த கணமே பாட்டை நிறுத்தினேன். முன்பு அந்த நோய் ஆரம்பித்ததும் இப்படித்தான். இந்தப் பாட்டு, இந்த லேசு, யாருக்காவது எதையாவது வாரிக் கொடுக்கத் தோன்றுவது.

கிரைண்டரை நிறுத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னட்டி செய்யுது?" என்றார்.

"சந்தோசமா இருக்கு. பயமா இருக்கு" என்றேன்.

அவரும் பயந்துவிட்டார். மித்ரா டாக்டருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ராத்திரி தூங்கினீர்களா? தூங்கினேன், நன்றாக. மாத்திரை? சாப்பிட்டேன். எண்ணங்கள் முட்டிமோதிக்கொண்டு ஓடுகின்றனவா? இல்லை. போன வாரம் ரத்தத்தில் லித்தியம் பார்த்தோம் அல்லவா, சரியாக இருந்ததே. வேறு என்ன?

"வேற ஒண்ணுமில்லை டாக்டர். குனிஞ்சேன், நிமிந்தேன்..."

சொல்லிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினேன்.

"கோமதி, இப்போது இடுப்பு வலிக்கிறதா?"

"இல்லை."

"அதுதான். உங்களுக்கு இன்றைக்கு வலிக்கவில்லை. வேறு ஒன்றும் இல்லை. நாளைக்கும் தூக்கம் எப்படி என்று சொல்லுங்கள். இப்போது போய் வேலையைப் பாருங்கள்."

போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். வலியில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தேபோயிருந்தது. இவர் கடைக்குப் போகாமல் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். "போங்க, ஒண்ணுமில்லை" என்று விரட்டினேன். மாவை வழித்தேன். பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடினேன், சத்தமாகவே.

மத்தியானத்துக்கு மேல் வலி வந்தது. பழக்கப்பட்ட இடத்தில், பழக்கப்பட்ட மாதிரி. சுடுநீர்ப் பையை எடுத்துக்கொண்டு படுத்தேன். ஆனால் காலை முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நோய் என்று சொல்லி யாரும் மருந்து கொடுக்கவில்லை.